விட்சண்டே தீவுகளில் ஏழு இரவுகள்: ஒரு வாடகைப் பாய்ப்படகுச் சேவையைப் பற்றி

சென்ற செப்டம்பர் இறுதியில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள ஏர்லி பீச்சிலிருந்து 39 அடி நீளக் கட்டமரான் (இரட்டைக்கூட்டுப் பாய்ப்படகு) ஒன்றை மாலுமி இல்லாமல் ஏழு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்தோம். நான், மனைவி, மகன், சென்னையிலிருந்து வந்திருந்த மைத்துனர், அவர் மனைவி, அவர்கள் மகள், என் மாமியார் என மொத்தம் ஏழு பேர். எங்கள் ஊர்ப் பள்ளி விடுமுறையும் சென்னைப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் ஒன்றோடொன்று ஒட்டி வந்ததால் தேதி தானாக அமைந்தது. குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். படகுக்கு நான் நடுத்தர மதிப்பெண்தான் தருவேன். ஆனால் அந்த நிறுவனத்தின் காலை விளக்க வகுப்புக்கும், நாளுக்கு இருமுறை படகின் இருவழி வானொலியில் கிடைத்த ஆலோசனைக்கும் முழு மதிப்பெண் தரலாம். இவ்வகைப் பயணத்தில் நாம் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான ஈடு அந்த இரண்டில்தான் இருக்கிறது என்பது திரும்பி வந்தபின் எனக்குத் தெளிவாயிற்று.

முதலில் ஒரு திருத்தம். அவர்களுடைய விளம்பரம் 'பவளத்தீவுகளுக்கு நடுவே' என்று தொடங்குகிறது. விட்சண்டேயின் 74 தீவுகளில் பெரும்பாலானவை பவளத்தால் உண்டானவை அல்ல. கடைசிப் பனியூழி முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிய மலைத்தொடரின் உச்சிகள்தாம் இன்று தீவுகளாக நிற்கின்றன. அவற்றின் கரையோரமாகப் பவளம் விளிம்புகட்டி வளர்ந்திருக்கிறது. பெருந்தடுப்புப் பவளத்திட்டின் (கிரேட் பேரியர் ரீஃப்) வெளிப்பகுதி இன்னும் கிழக்கே இருக்கிறது, அங்கே போக வாடகைப் படகுகளுக்கு அனுமதி இல்லை. வெளித்திட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர் அதற்கென ஒரு நாள் சுற்றுலாக் கப்பலில் தனியாகப் போகவேண்டும். இதை முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதியிருக்கலாம். எங்களுக்கு அது விளக்க வகுப்பில்தான் தெரிந்தது. மைத்துனரின் மகள் முகம் சற்று வாடிப்போனது.

இங்கே பாய்ப்படகை வாடகைக்கு எடுக்க ஓட்டுநர் உரிமம் தேவையில்லை என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி. நிறுவனம் முன்அனுபவத்தை ஒரு படிவத்தில் கேட்கிறது. நான் பிரிஸ்பேன் அருகே மார்ட்டன் விரிகுடாவில் சில ஆண்டுகளாகச் சிறு பாய்ப்படகுகளை ஓட்டிப் பழகியவன். அதை எழுதி அனுப்பியதும் தொலைபேசியில் அழைத்து அரை மணி நேரம் விசாரித்தார்கள். அனுபவம் போதாதென்று தோன்றினால் முதல் ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு மாலுமியைத் தனிக் கட்டணத்தில் ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள். பெருமை பார்க்காமல் அதை ஏற்றுக்கொள்வது நல்லது. நாங்கள் முதல் நாள் மட்டும் ஏற்றியிருந்தால், பின்னால் சொல்லப்போகும் ஒரு சங்கடம் நேர்ந்திருக்காது.

விளக்க வகுப்பு காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடந்தது. முதல் பாதி கரையில், கடல் வரைபடத்தை மேசையில் விரித்து. மறுபாதி படகில், ஒவ்வொரு கயிற்றையும் விசையையும் கையால் தொட்டு. அன்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவற்றுள் மிகவும் பயன்பட்டது நங்கூரச் சங்கிலிக் கணக்கு. இந்தப் பகுதியில் நீரேற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி மூன்று மீட்டரையும் தாண்டும். வற்றத்தில் ஆறு மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நங்கூரம் போட்டால், ஏற்றத்தில் அது ஒன்பது மீட்டர் ஆகிவிடும். அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் ஒன்றரை மீட்டரையும் கூட்டிப் பத்தரை என்று கொண்டு, அதை நான்கால் பெருக்கி, நாற்பது மீட்டருக்கு மேல் சங்கிலி விடவேண்டும். நாங்கள் ஏர்லி பீச்சில் நின்று வரைபடத்தைப் பார்த்தபோது பத்து மீட்டர் சங்கிலியே தாராளம் என்று நினைத்திருந்தோம்! பயிற்சியாளர் அந்தக் கணக்கை எங்கள் வாயாலேயே மூன்று முறை சொல்லவைத்துவிட்டுத்தான் படகின் சாவியைக் கொடுத்தார்.

அடுத்த விதி, மாலை நான்கு மணிக்குள் நங்கூரமிட்டோ மிதவையில் கட்டியோ நின்றுவிட வேண்டும் என்பது. இரவுப் பயணம் கூடவே கூடாது. கேட்கும்போது பள்ளிக்கூட விதி போலத் தோன்றினாலும் காரணம் எளியது. பவளத்தை வரைபடத்தைவிடக் கண்ணால்தான் நம்பகமாகக் காண முடியும். வெயில் உச்சியில் இருக்கும்போது ஆழமான நீர் கருநீலமாகவும், மணல்தரை வெளிர்பச்சையாகவும், பவளம் பழுப்பாகவும் தெரிகின்றன. சூரியன் மேற்கே சாய்ந்தபின் நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே வெள்ளித்தகடாக மின்னுவதால் பழுப்பு எங்கே, பச்சை எங்கே என்று பிரித்தறிய வழியில்லை. எங்கள் முதல் நாளிலேயே இது அனுபவமாயிற்று. வகுப்பு முடிந்து கிளம்பவே பன்னிரண்டரை ஆகிவிட்டது. விட்சண்டே கால்வாயைக் குறுக்கே கடந்து ஹுக் தீவின் தென்புறத்திலுள்ள நாரா இன்லெட் என்னும் நீண்ட, ஒடுங்கிய குடாவுக்குள் நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். இடம் தேடுவதற்குள் நான்கைத் தாண்டிவிட்டது. முதல் முறை நங்கூரம் பிடிக்கவில்லை. இரண்டாவது முறை கரையோரப் பவளத்துக்கு மிக அருகில் போட்டுவிட்டோம். மூன்றாவது முறைதான் குடாவின் நடுவே, சேற்றுத்தரையில் அது ஊன்றி நின்றது. இதுதான் நான் சொன்ன சங்கடம். முதல் நாளுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் இடத்தைப் பரிந்துரைக்கும்படி நிறுவனத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பு தாமதமானது அவர்கள் பக்கத்தில்தான்.

நாரா அதற்கெல்லாம் ஈடுகட்டிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். இரு பக்கமும் செங்குத்தாக எழும் காட்டுமலை, நடுவே குளம்போல அசையாத நீர். மறுநாள் காலை சிறுபடகில் கரையேறி, சற்றுச் செங்குத்தான பாதையில் நடந்து, இத்தீவுகளின் ஆதிக்குடிகளான நாரோ மக்களின் பாறைக்குகையைப் பார்த்தோம். அங்கே மனிதர் வாழ்ந்ததற்கான தடயங்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழமையானவை. காவிநிறக் கோடுகளும் வலைபோன்ற உருவங்களும் சுவரில் இருக்கின்றன. கேப்டன் ஜேம்ஸ் குக் 1770ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி இவ்வழியே வந்து, அன்று பெந்தெகொஸ்து ஞாயிறு (ஆங்கிலத்தில் விட்சண்டே) என்பதால் கால்வாய்க்கு அந்தப் பெயரை வைத்தார். சர்வதேசத் தேதிக்கோடு அப்போது வகுக்கப்படாததால், இன்றைய உள்ளூர்க் கணக்கின்படி அது திங்கட்கிழமை.

வானொலி ஆலோசனைக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நிறுவனத்தின் கரைநிலையம் ஒவ்வொரு படகையும் பெயர்சொல்லி அழைக்கும். நாம் எங்கே இருக்கிறோம், அடுத்து எங்கே போகப்போகிறோம், ஏதேனும் பழுதா என்று சொல்லவேண்டும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை இங்கே வீசுவது பெரும்பாலும் தென்கிழக்கு வியாபாரக் காற்று. 15 முதல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகம் சாதாரணம். எனவே தீவுகளின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள விரிகுடாக்களே தங்குமிடங்கள் என்று எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். செப்டம்பர் இறுதியில் அந்த ஒழுங்கு குலையத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் நாங்கள் ஹுக் தீவின் வடகரையில் பட்டர்ஃபிளை பேயில் ஒரு பொது மிதவையைப் பிடித்து, பிள்ளைகளை நீரில் இறக்கிவிட்டு நிம்மதியாக இருந்தோம். மாலை அழைப்பில் கரைநிலையப் பெண்மணி, இரவில் காற்று வடகிழக்குக்குத் திரும்பும், அந்த விரிகுடாவுக்குள் அலை நேராக ஏறும், இப்போதே கிளம்பித் தென்புறம் மக்கோனா இன்லெட்டுக்குப் போய்விடுங்கள், உங்களுக்காக நான்கு மணி விதியைத் தளர்த்துகிறேன், உள்ளே நுழையும்வரை வானொலியில் கூடவே இருக்கிறேன் என்றார். சொன்னபடியே இருந்தார். எந்தத் திட்டு எந்தப் பக்கம் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நள்ளிரவில் மேலே பாய்மரக் கயிறுகள் விசில் அடிக்கத் தொடங்கியபோது, பட்டர்ஃபிளை பேயிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மாமியார் எழுந்து வந்து, "அந்தம்மா நல்லா இருக்கணும் மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பொது மிதவைகள் இப்பகுதியின் பெரிய வசதி. நங்கூரமும் சங்கிலியும் பவளத்தை உடைக்காமல் இருக்கக் கடற்பூங்கா நிர்வாகம் அவற்றைப் பதித்திருக்கிறது, கட்டணம் கிடையாது. மிதவையிலேயே படகின் நீளத்துக்கும் காற்றின் வேகத்துக்குமான வரம்பு எழுதியிருக்கும். பெரும்பாலானவற்றில் பகலில் இரண்டு மணி நேரம்தான் கட்டலாம். பிற்பகல் மூன்று மணிக்குமேல் பிடித்தால் காலை ஏழு வரை நமக்கே. இதைத் தெரிந்துகொண்டு மூன்று மணிக்குச் சற்று முன்பே போய்ச் சேர்வதுதான் திட்டமிடலின் பாதி. வெள்ளைநிறப் பிரமிடு வடிவ மிதவைகள் வேறு வகை. அவை எல்லைக்குறிகள், அவற்றுக்கும் கரைக்கும் இடையே நங்கூரம் போடக்கூடாது. முதல் நாள் என் மகன் அவற்றில் ஒன்றைக் கொக்கியால் பிடிக்க ஆயத்தமாக நின்றான்.

ஒயிட்ஹேவன் கடற்கரையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. இங்கு வருவோரில் பலர் அதற்காகவே வருகிறார்கள். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளம். மணலில் 98 விழுக்காடு சிலிக்கா என்பதால் உச்சிவெயிலிலும் கால் சுடவில்லை. அதன் வடகோடியில் ஹில் இன்லெட் இருக்கிறது. வெண்மணலும் நீல நீரும் பளிங்குக் கோலம்போலச் சுழலும் அந்தப் படத்தைப் பார்த்திராதவர் இருக்கமாட்டார். அந்தக் கோலம் நீர் வற்றியிருக்கும்போதுதான் நன்கு விரியும். பார்வைமேடைக்கு ஏறவேண்டுமானால் டங் பேயில் சிறுபடகைக் கரைசேர்க்க வேண்டும். அங்கோ, நீர் மிகவும் வற்றினால் கரையோரப் பவளம் வெளியே தலைகாட்டிப் படகை ஒதுக்க விடாது. ஆகவே நீர் பாதி இறங்கிய நிலையில் கரைசேர்ந்து, முழுவதும் வற்றுமுன் திரும்ப வேண்டும். நாங்கள் போனது பௌர்ணமியை ஒட்டிய நாள். நீரேற்றத்தின் உச்சம் முற்பகலில் வந்தது, வற்றமோ மாலை மயங்கும் நேரத்தில். ஆகவே நாங்கள் கண்டது கோலத்தின் கால்பங்குதான். தேதியை உறுதிசெய்யுமுன் ஓத (நீரேற்ற, வற்ற நேர) அட்டவணையைப் பார்த்திருந்தால் வேறு வாரத்தைத் தேர்ந்திருப்போம். நிறுவனத்தின் முன்பதிவுப் பிரிவு இதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. படகு காலியாக இருக்கும் தேதிகளை மட்டுமே சொன்னது. அட்டவணையை மாநில அரசு ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே வெளியிடுகிறது. விமானச் சீட்டு வாங்குமுன் அதைத் திறந்து பாருங்கள்.

ஹுக் தீவுக்கும் விட்சண்டே தீவுக்கும் நடுவிலுள்ள ஹுக் பாசேஜ், ஒயிட்ஹேவனுக்குத் தெற்கேயுள்ள சால்வே பாசேஜ் ஆகிய இரண்டு இடுக்குகளிலும் நீரோட்டம் கடுமையானது. காற்று ஒரு திசையிலும் நீரோட்டம் எதிர்த்திசையிலும் போனால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஓதம் திரும்பும் அமைதியான இடைவெளியில் கடப்பதே முறை. காலை வானொலியில் அந்த நேரத்தைக் கேட்டால் நிமிடக்கணக்கில் சொல்கிறார்கள். சால்வேயைக் கடந்த சிறிது நேரத்தில் ஒரு கூன்முதுகுத் திமிங்கிலமும் குட்டியும் எங்களுக்கு முன்னே எழுந்தன. இங்கே 300 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்பது சட்டம் என்பதால் எஞ்சினை அடக்கி நின்றுவிட்டோம். குட்டி நாலைந்து முறை துள்ளியது.

அன்றிரவு விட்சண்டே தீவின் மேற்குக் கரையிலுள்ள சிட் ஹார்பரில் தங்கினோம். காற்றுக்கு நல்ல மறைவு. ஆனால் நீரில் இறங்கவே கூடாது. 2018இல் சில வார இடைவெளியில் மூன்று பேரைச் சுறா தாக்கி, அவர்களில் ஒருவர் இறந்த இடம் இது. நிறுவனம் இதை வகுப்பில் அழுத்திச் சொன்னதோடு, நாங்கள் அங்கே நிற்பதாக வானொலியில் சொன்னபோது மறுபடியும் நினைவூட்டியது. இந்த அக்கறையை நான் குறித்துவைத்துக்கொண்டேன். நச்சு ஜெல்லிமீன் பருவம் அக்டோபர், நவம்பர் வாக்கில் தொடங்கி மே வரை நீளும் என்பதால், உடலை முழுதும் மூடும் மெல்லிய நீச்சலுடையையும் எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள்; குளிருக்கும் வெயிலுக்கும்கூட அது பயன்பட்டது.

இனிப் படகு. விளம்பரத்தில் எட்டுப் பேருக்கு என்று போட்டிருக்கிறார்கள். நான்கு அறைகள் உண்மைதான். முன்புற அறைகள் இரண்டும் அணியத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால் பெரியவர் இருவர் காலை நீட்டிப் படுக்க முடியாது. ஆறு பேர் என்று கொள்வதே நேர்மை. மாமியாருக்கு வயது அறுபத்தெட்டு; அவரைச் சிறுபடகிலிருந்து பெரிய படகுக்கு ஏற்றுவதுதான் தினமும் எங்களுக்குச் சவாலாக இருக்கும் என்று பயந்தோம். கட்டமரானின் இரு பின்முனைகளிலும் அகலமான படிகள் நீர்மட்டம்வரை இறங்கியிருந்ததால், இரண்டாம் நாளிலேயே அவர் சேலையைச் செருகிக்கொண்டு கைத்தாங்கல் இல்லாமல் ஏறத் தொடங்கிவிட்டார். ஒற்றைக்கூட்டுப் படகில் இது நடந்திருக்காது. முதியவர்களோடு போகிறவர்கள் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாவது கட்டமரானையே எடுக்கவேண்டும். கட்டுமரம் என்ற நம் சொல்தான் உலகம் சுற்றி இந்தப் பெயராகத் திரும்பியிருக்கிறது. இந்த இரட்டைக்கூட்டு அமைப்பு பசிபிக் தீவுகளின் படகுகளைப் பார்த்து வந்தது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரம் வேறு. மைத்துனர் இதை ஏற்கவில்லை.

சமையலறையில் மூன்று அடுப்புள்ள எரிவாயுக் கருவி இருந்தது. மின்சாரம் முழுவதும் மின்கலத்திலிருந்து வருவதால் மின்சார அரிசிக் குக்கரைக் கொண்டுபோவதில் பயனில்லை. நாங்கள் சிறிய பிரஷர் குக்கரைக் கொண்டுபோனோம், குடாவில் நிற்கும்போது மட்டும் ஏற்றினோம். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இரண்டு பாட்டில் இருந்தால் பகல் உணவுக் கவலை தீர்ந்தது. நிறுவனமே மளிகை வாங்கி ஏற்றித்தரும் சேவை உண்டு. அதன் பட்டியல் இறைச்சியையும் ரொட்டியையும் சுற்றியே இருந்ததால், பக்கத்திலுள்ள கேனன்வேல் பல்பொருள் அங்காடியில் நாங்களே வாங்கிக்கொண்டோம். விலையும் கணிசமாகக் குறைந்தது.

பெரிய குறை குளிர்பதனப் பெட்டியும் மின்கலமும். நான்காம் நாள் காலை விளக்குகள் மங்கின. பெட்டியில் தயிர் புளித்துவிட்டது, பால் கெட்டுவிட்டது. வானொலியில் சொன்னதும், இரண்டு வேளை எஞ்சினைக் கூடுதல் நேரம் ஓட்டச் சொன்னார்கள், பலனில்லை. மறுநாள் முற்பகல் விரைவுப் படகில் ஒரு தொழில்நுட்பர் வந்து, பழைய மின்கலம் ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போனார். வந்த வேகம் பாராட்டத்தக்கது. வாடகைக்கு விடுமுன் அதைச் சோதித்திருந்தால் அவர் வரவே வேண்டியிருந்திருக்காது. சிறுபடகின் எஞ்சினும் காலையில் ஏழெட்டு இழுப்புக்குப் பிறகுதான் உயிர்பெற்றது.

வாடகை ஓர் இரவுக்கு 1,200 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேல். முதல் நாள் நண்பகலில் கிளம்பி, கடைசி நாள் காலை பதினொரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால், ஏழு இரவு என்றாலும் கையில் முழுதாகக் கிடைப்பது ஆறு நாள்தான். இதனுடன் கடற்பூங்காக் கட்டணம் ஆளுக்கும் நாளுக்குமாகச் சேர்கிறது, டீசல் தனி. பிணைத்தொகையாக 2,000 டாலரைக் கடன் அட்டையில் பிடித்துவைத்தார்கள். திரும்பி வந்ததும் ஒரு முக்குளிப்பவர் படகின் அடிப்பாகத்தைப் பார்த்து, கீறல் இல்லை என்று கையெழுத்திட்டார். அப்படியும் ஒன்பதாம் நாள் வந்த கணக்கில் நங்கூர விசையின் கைப்பிடி காணவில்லை என்று 180 டாலர் கழித்திருந்தார்கள். நல்லவேளையாக, படகை ஒப்படைக்கும்போது ஒவ்வொரு பெட்டியையும் திறந்து என் மகன் எடுத்திருந்த காணொளியில் அந்தக் கைப்பிடி தன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அனுப்பிய அன்று மாலையே பணம் திரும்பியது, மன்னிப்புக் கடிதத்துடன்.